பழைய பிக்கப் வாங்கும் முன்: பெல்ட்டா, செயினா?

(சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



தண்ணீர் கேன், காய்கறி, பட்டறைச் சாமான் ஏற்றுவதற்குப் பழைய பிக்கப் வாங்க நம்மில் சிலர் விசாரித்துக்கொண்டிருக்கிறீர்கள். நான் வங்கியில் இருந்தவன் என்பதால் வட்டி எவ்வளவு, தவணை எவ்வளவு என்று கேட்கிறீர்கள். அதற்கு முன்னால் விற்பவரிடம் நீங்கள் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: "டைமிங் பெல்ட் எப்போதுங்க மாத்துனீங்க? பில் இருக்குதுங்களா?"

எஞ்சினில் கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றும்போது கேம் ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்ற வேண்டும். இந்தக் கணக்கு பிசகாமல் பார்த்துக்கொள்வது பெல்ட் அல்லது செயின். 2005-ல் வந்த டாடா ஏஸின் 702 சிசி டீசல் எஞ்சினில் இருப்பது ரப்பர் பெல்ட். பெரும்பாலும் முன்னறிவிப்பு இல்லாமல் அறுந்துவிடும். அறுந்தால் பிஸ்டன் வால்வுகளில் இடிக்கும். ஹெட்டைக் கழற்ற வேண்டிவரும். சத்தி ரோட்டில் போய், லோடோடு திம்பத்தின் 27 வளைவுகளில் ஏறும்போது அறுந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். வண்டி பட்டறையில் கிடந்தாலும் தவணைத் தேதி வந்துவிடும்.

மீட்டரை மட்டும் நம்ப வேண்டாம். குறைவாக ஓடிய வண்டியிலும் ரப்பர் வருடக்கணக்கில் இறுகி வெடிக்கும். அந்த மாடலின் கையேட்டில் கிலோமீட்டர், வருடம் இரண்டும் இருந்தால், எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றுங்கள். டென்ஷனரையும் சேர்த்தே மாற்றுவது நல்லது. பெல்ட் மேல் ஆயில் கசிந்திருந்தால் கசிவை முதலில் அடையுங்கள்.

செயின் இரும்பு, ஆயிலில் ஓடுவது. அதிக நாள் உழைக்கும். ஆனாலும் ஆயில் மாற்றாமல் ஓட்டினால் செயின் நீளும், டென்ஷனர் தேயும். ஆகவே வண்டி பார்க்கப் போகும்போது காலையில், எஞ்சின் சூடேறும் முன்பே போங்கள். ஸ்டார்ட் செய்ததும் முன்பக்கம் 'கடகட' என்று கேட்டால் மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் காட்டாமல் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.

வணிகவியலில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது, வரக்கூடிய நஷ்டத்துக்கு முன்பே ஒதுக்கி வை என்பது. பெல்ட் மாற்றிய பில் இல்லையென்றால், மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் செலவை மெக்கானிக்கிடம் கேட்டு, பேசும் விலையில் கழியுங்கள். வாங்கிய வாரத்திலேயே மாற்றி, தேதியும் கிலோமீட்டரும் எழுதி ஆர்.சி. நகலோடு வையுங்கள்.

கடைசியாக ஒன்று. ஓட்டத்தில் எஞ்சின் திடீரென நின்று, பெல்ட் அறுந்ததோ என்று சந்தேகம் வந்தால் மறுபடி சாவி போடாதீர்கள், தள்ளியும் ஸ்டார்ட் செய்யாதீர்கள். கட்டி இழுத்து வாருங்கள். சேதம் கூடாமல் இருக்கும்.