நிரல் அறியாதார் நடத்தும் கடை

கடை வைத்திருப்பவர் ஒவ்வொருவரும் தச்சுவேலையும் கற்றிருத்தல் வேண்டும் என்று எவரும் விதித்ததில்லை. கதவு பொருந்தாவிடின் தச்சர் வருவார். பூட்டுத் திறவாவிடின் அதற்கும் ஒருவர் உளர். கடைக்காரர் தம் சரக்கையும் வாடிக்கையாளரையும் கவனித்தாற் போதும். ஆனால், கணினித் திரையிலே கடை விரிப்பவருக்கு இச்சலுகை கிட்டுவதில்லை. கதவு ஏன் திறக்கவில்லை என்பதை அவரே ஆராய வேண்டும்; ஆராய்வதற்கு வேண்டிய மொழியோ அவர் கற்றறியாத மொழி.

இந்நிலை எவ்வாறு நேர்ந்தது என்பதைச் சுருக்கமாக நோக்குதல் தகும். வேர்ட்பிரஸ் என்னும் மென்பொருளை மற் முல்லன்வெக், மைக் லிற்றில் ஆகிய இருவர் 2003ஆம் ஆண்டில் வெளியிட்டனர். நாட்குறிப்புப் போன்ற எழுத்துக்களை இணையத்தில் இடுவதற்கென எழுந்தது அது, விற்பனைக்கென எழுந்ததன்று. மறு ஆண்டிலே, வெளியார் எழுதும் சிறு நிரல்களை அதனோடு பொருத்திக்கொள்ள வழி செய்யப்பட்டது. 'பிளகின்' என்றும் செருகுநிரல் என்றும் வழங்குவன இவையே. தென்னாபிரிக்காவின் கேப்டவுன் நகரிலே தோன்றிய வூதீம்ஸ் நிறுவனம், வூகொமேர்ஸ் என்னும் கடைச் செருகுநிரலை 2011இல் வெளியிட்டது. 2015இல் முல்லன்வெக்கின் ஓட்டோமற்றிக் நிறுவனம் அதனை விலைக்கு வாங்கிற்று. குடியிருக்கக் கட்டிய வீட்டின் முன்விறாந்தையைக் கடையாக்கியது போன்றது இவ்வேற்பாடு.

விறாந்தைக் கடை இழிவானதன்று. மூலச் செருகுநிரலுக்கு விலையில்லை. பொருளின் படம், விலை, இருப்பு ஆகியவற்றை எழுத்தறிந்த எவரும் ஒரு பகற்பொழுதிற் பதிந்துவிடலாம். நாணயப் பட்டியலிலே இலங்கை ரூபாயும் உண்டு. வங்கி மாற்று, காசோலை, பொருளைக் கையளிக்கும்போது பணம் பெறுதல் ஆகிய மூன்று வழிகளும் கூடவே வருகின்றன. கடனட்டையாற் பணம் பெற எண்ணும்போதே சிக்கல் முளைக்கிறது. வூகொமேர்ஸின் சொந்தக் கொடுப்பனவுச் சேவை இலங்கைக் கடைகளுக்குக் கிடைப்பதில்லை. ஆகவே உள்ளூர் நிறுவனம் ஒன்று தரும் வேறொரு செருகுநிரலை நாட வேண்டும். எடைக்கேற்ப அனுப்புகூலி கணக்கிட மற்றொன்று. பற்றுச்சீட்டு அச்சிட இன்னொன்று. பக்கங்களை விரைவாகக் காட்ட மேலும் ஒன்று. ஆறு மாதத்திலே, ஒருவரையொருவர் அறியாத பத்துப் பேர் எழுதிய நிரல்கள் ஒரே கூரையின்கீழ் வாழத் தொடங்கிவிடுகின்றன.

ஒருநாள் கூடை பிழைக்கிறது. வாடிக்கையாளர் இரண்டு சேலைகளைக் கூடையிலிட்டு அடுத்த பக்கம் சென்றால், கூடை வெறுமையாக இருக்கிறது. காரணம் பலவேளைகளில் எளியதே. விரைவுக்கென நிறுவிய செருகுநிரல், கூடைப் பக்கத்தையும் ஒருமுறை படியெடுத்து வைத்துக்கொண்டு, வருவோர்க்கெல்லாம் அப்பழைய படியையே காட்டுகிறது. கூடை, பணம் செலுத்துமிடம், வாடிக்கையாளர் கணக்கு ஆகிய பக்கங்களைப் படியெடுக்காது விலக்க வேண்டும் என்பது நிரலாளருக்குப் பாலபாடம். கடைக்காரருக்கு அதனை ஓதியவர் எவர்?

அவர் செருகுநிரல் ஆக்கியோரைக் கேட்கிறார். அவர்கள் பக்க அலங்காரத்தை, அதாவது தீம் என்பதை, ஐயுறுகின்றனர். தீம் ஆக்கியோர் சேவையகத்தை வாடகைக்கு விட்டவரிடம் அனுப்புகின்றனர். அவரோ, "பிழை செருகுநிரலில்" என்கிறார். ஒவ்வொருவர் கூற்றும் அவரவர் எல்லைக்குள் நியாயமானதே. அதனாற்றான் எரிச்சல் மிகுகிறது. இறுதியில் எல்லோரும் ஒருமித்துக் கூறும் அறிவுரை ஒன்றுண்டு: ஏனைய செருகுநிரல்கள் யாவற்றையும் நிறுத்தி, ஒவ்வொன்றாக மீண்டும் இயக்கிப் பார்க்க வேண்டும் என்பதே அது. முறை பிழையானதன்று. ஆனால், வாடிக்கையாளர் நிறைந்த கடையிலே விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, எந்தக் கம்பியிற் பழுது என்று தேடுவதற்கு எந்தக் கடைக்காரர் இசைவார்?

வேறு சிலர் நான்கு வரி நிரலைக் கொடுத்து, தீமின் கோப்பிலே ஒட்டிவிடுமாறு பணிப்பர். ஒட்டும்போது ஓர் அரைப்புள்ளி விடுபட்டால் தளம் முழுவதும் வெண்திரையாகலாம். பள்ளிக்கூடத்துக் கட்டுரையில் அரைப்புள்ளியை விட்ட மாணவனுக்கு அரைப் புள்ளிதான் குறையும். இங்கே கடையே மூடப்படுகிறது. பிழையின்றி ஒட்டினாலும், தீமின் அடுத்த பதிப்பை ஏற்றும்போது அவ்வரிகள் அழிந்துபோகும். 2023ஆம் ஆண்டு நவம்பரில் வந்த வூகொமேர்ஸ் 8.3 பதிப்பு முதல், புதிய கடைகளுக்குப் பணம் செலுத்தும் பக்கம் வேறோர் அமைப்பில் வருகிறது. பழைய பக்கத்துக்கென எழுதிய வரிகளுட் பல அங்கே ஓசையின்றிப் பயனற்றுப் போகின்றன. அறிவுரை எந்தப் பக்கத்துக்குரியது என்பதைப் பிரித்தறியக் கடைக்காரரிடம் ஓர் அளவுகோலும் இல்லை.

எனினும் கண்ணுக்குத் தெரியும் பிழையே மேல். மிகக் கொடியது மௌனப் பிழை. கட்டளை பதிவாகிறது, பணமும் செலுத்தப்படுகிறது, அறிவிக்கும் மின்னஞ்சல் மாத்திரம் வருவதில்லை. சேவையகமே நேரே அனுப்பும் மடல்களை அஞ்சற் சேவைகள் ஐயத்துடன் நோக்குகின்றன. 2024 பெப்ரவரி முதல், அனுப்புவோர் இன்னாரென நிறுவும் பதிவுகள் வேண்டும் என்று கூகிள் தன் ஜிமெயில் முகவரிகளுக்கு எழுதுவோரை வற்புறுத்துகிறது. மோசடியைத் தடுக்க இவ்விதி வேண்டியதே. ஆயினும், சேலை விற்பவர் ஒருவர் மடல் வராமைக்குக் காரணத்தைத் தமது களப்பெயரின் பதிவேட்டிலே தேட வேண்டும் என்பதை எங்ஙனம் ஊகிப்பார்? தீபாவளிக்கு வேண்டிய சேலை தீபாவளி கழிந்த பின்னரும் வந்து சேராதபோது, வாங்கியவர் நிரலை ஏசுவதில்லை, கடைக்காரரையே ஏசுகிறார். 2019 முதல், தளம் பழுதுற்று நின்றால் வேர்ட்பிரஸ் மீட்புவழி ஒன்றை உரிமையாளருக்கு அனுப்புகிறது. நல்ல ஏற்பாடுதான், அதுவும் மின்னஞ்சலிலேயே வருகிறது!

ஆக்கியோர் பக்கத்திலும் நியாயம் உண்டு. வேர்ட்பிரஸ் வெளிவரும் பொது உரிமமே, எவ்வித உத்தரவாதமும் இல்லை என்று வெளிப்படையாகக் கூறுகிறது. இலவசமாகக் கொடுப்பவர், உலகின் எண்ணிறந்த கடைகளில் எந்த நிரலோடு எந்த நிரல் சேரும் என்பதை முன்னரே சோதித்தல் இயலாது. ஆனால், "சில நிமிடங்களிற் கடை திறக்கலாம்" என்று விளம்பரத்தில் அழைப்பவர், பிழை நேர்ந்தபோது நிரலாளர் மொழியிற் பேசுவது முறையாகாது. "இப்பக்கத்தைப் படியெடுக்க வேண்டாம்" என்று கடைக்காரருக்கு விளங்கும் ஒரு வாக்கியத்தைத் திரையிற் காட்டுவதற்குப் பெருஞ்செலவு ஆகாது.

அதுவரை, கடையின் முழுப் படியொன்றை வேறிடத்தில் நிறுவி, புதிய பதிப்புக்களை முதலில் அங்கே ஏற்றிப் பார்ப்பது நன்று. பாதுகாப்புக்குரிய திருத்தங்களைத் தள்ளிப்போடுவதும் ஆபத்து, பண்டிகைக்கு முதல்நாள் துணிந்து ஏற்றுவதும் ஆபத்து. பழுது பார்க்க ஒருவரை ஆண்டுக் கூலிக்கு அமர்த்துவது வீண்செலவன்று; இலவசக் கடைக்கும் தச்சர் கூலி உண்டு. இவற்றுக்கெல்லாம் வசதியற்றவரும் செய்யக்கூடியது ஒன்றுளது. மாதம் ஒருமுறை தாமே வாடிக்கையாளராகி, தம் பெயர் அறியாத வேறொரு கைப்பேசியிலிருந்து தம் கடையிலே மலிவான பொருளொன்றை வாங்கிப் பார்க்கலாம். கூடையில் அது தங்குகிறதா, பணம் வங்கிக்குப் போய்ச் சேர்கிறதா, மடல் வருகிறதா என்பன கால் மணி நேரத்திலே தெரிந்துவிடும். அதற்கு நிரலின் ஓர் எழுத்தும் அறிய வேண்டியதில்லை.