கடல் கடந்த ஏடுகள்



ஆராயப்படும் ஊர் ஓரிடத்திலும் ஆராய்பவர் வேறிடத்திலும் இருப்பது இன்று நம்மவர்க்குப் பழகிப்போன சங்கதி. பிறந்த மண்ணைப் பற்றி ஆய்வேடு எழுதுகிறவர் ரொறன்ரோவிலோ ஒஸ்லோவிலோ இருக்கிறார். அங்கிருந்து கொண்டே ஆதாரங்களைத் தேடிக்கொள்வது எப்படி என்பதே இன்றைய பேச்சுக்குப் பொருள்.

என்னிடம் உயர்தர வகுப்பில் தமிழ் படித்த ஒருவர், பத்தொன்பதாம் நூற்றாண்டு யாழ்ப்பாணத்து உரைநடையைக் கனடாவிலிருந்து ஆராய்கிறார். "சேர், ஊருக்கு வராமல் இதை எழுத ஏலுமோ?" என்று கேட்டார். "ஊருக்கு வந்தாலும் எல்லாம் கிடையாது, தம்பி" என்றேன். 1981 ஜூன் மாதம் பிறந்த அந்த இரவில் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் எரிந்தன. மறுபிரதி இல்லாத ஏடுகள் போனவை போனவைதாம். ஆயினும் அச்சேறிய நூலுக்கு ஒரு நற்பேறு உண்டு. அதன் இன்னொரு பிரதி கடலுக்கு அப்பால் எங்கேனும் பிழைத்திருக்கலாம்.

அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணம் வந்தது 1816இல். அவர்கள் பொஸ்ரனில் இருந்த தலைமைச் சபைக்கு எழுதிய கடிதங்களும் அறிக்கைகளும் இன்று ஹாவார்ட் பல்கலைக்கழகத்தின் ஹோட்டன் நூலகத்தில் உள்ளன. இலண்டன் பிரித்தானிய அரும்பொருட்சாலையில் இருந்த தமிழ் நூல்களுக்கு பார்னெற்றும் ஜி. யு. போப்பும் தொகுத்த பட்டியல் 1909இல் வெளிவந்தது. அதற்கு முன்னரே, 1865இல், ஜோன் மேர்டொக் அச்சிட்ட தமிழ் நூல்களை வகைப்படுத்திப் பட்டியலிட்டார். சென்னையில் ரோஜா முத்தையா நூலகம் 1994இல் உருவாயிற்று. நம்மவர் முயற்சியில் 2005இல் தொடங்கிய 'நூலகம்' மின்னூலகம் ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் வீட்டிலிருந்தே வாசிக்க வழி செய்திருக்கிறது.

ஆகவே முதலில் நாட வேண்டியது நூலை அன்று, நூற்பட்டியலை. அங்கேதான் தமிழறிவு கைகொடுக்கும். மிஷன் ஆவணங்களில் வட்டுக்கோட்டை 'பட்டிக்கோட்டா' ஆகிவிடும். உடுவில் 'ஊடூவில்' ஆகும். தெல்லிப்பழை 'தில்லிப்பள்ளி' ஆகும். இன்றைய எழுத்துக்கூட்டலைக் கணினியில் தட்டிவிட்டு, ஒன்றும் இல்லை என்று எழுந்து போகலாகாது. ஆட்பெயரும் அப்படியே. மிஷன் பாடசாலைகளிற் படித்த பிள்ளைகளுக்கு, பண உதவி செய்த அமெரிக்கரின் பெயர்களைச் சூட்டும் வழக்கம் இருந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாகத் தேறிய இருவருள் ஒருவரான விசுவநாதபிள்ளை, 'கறோல்' என்ற பெயரையும் தாங்கியவர். அத்தகையோரை இரு பெயராலும் தேட வேண்டும்.

கண்டெடுத்த பின் இன்னொரு கேள்வி உண்டு: இக்கடிதம் யாருக்கு எழுதப்பட்டது? கடலுக்கு அப்பால் இருந்து பணம் அனுப்பியவர்களுக்கு எழுதுகிறவர் தம் வெற்றியைச் சற்று உரத்தே சொல்வார். அதே காலத்தில் வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் வைத்துக் கண்டனங்களை வெளியிட்டவர் ஆறுமுக நாவலர். 1841இல் தொடங்கிய 'உதயதாரகை'யை ஒரு கையிலும் நாவலரின் கண்டனங்களை மறு கையிலும் வைத்து வாசித்தாலன்றி அக்காலம் விளங்காது. ஒரு பக்கத்து ஆவணம் பத்திரமாக இருந்தது என்பதற்காக அந்தப் பக்கமே முழு வரலாறு ஆகிவிடாது.

இன்னும் சில பொருள்கள் எந்த வெளிநாட்டு நூலகத்திலும் எளிதிற் கிடையா. அந்தியேட்டியன்று வெளியிடும் கல்வெட்டுப் புத்தகங்கள், கோயிற் கும்பாபிஷேக மலர்கள், பாடசாலைச் சஞ்சிகைகள், காணி உறுதிகள் ஆகியன நம் வீட்டு றங்குப் பெட்டிகளில் இருக்கின்றன. ஓர் ஊரின் வமிசமும் வாக்கும் அவற்றில் இருக்கின்றன. கறையான் தின்னுமுன் ஒருமுறை படம் பிடித்து வைப்பது ஊரில் இருக்கும் நம் கடமை. நம்மிடம் கைத்தொலைபேசி இல்லையா என்ன?

புலம்பெயர்ந்த ஆய்வாளருக்கும் ஒரு கடமை உண்டு. இலண்டனிலும் பொஸ்ரனிலும் தேடிப் பெற்ற பிரதியை, அந்நூலகங்களின் விதி அனுமதிக்கும் அளவில், ஊர் நூலகத்துக்கும் ஒன்று அனுப்ப வேண்டும். பட்டம் ஒருவருக்கு உரியது, ஆதாரம் அப்படியன்று. ஒரே இடத்தில் வைத்திருந்ததை ஓரிரவில் இழந்தவர்கள் நாம். இனியொரு நூல் மூன்று ஊர்களிலாவது இருக்கட்டும்.