படமும் பெயரும்: கடாரத் தோட்டங்களில் ஓராண்டு



மொழியை ஆராயும் அவையில் நிழற்படக் கலைஞருக்கு என்ன வேலை என்னும் ஐயம் உங்களுள் சிலருக்கு எழலாம். அவ்வையம் முறையானதே. நிழற்படம் பேசாப் பொருள். பேசாது என்பதாலேயே அது மொழியின் துணையை வேண்டி நிற்கிறது என்பதைக் கடந்த ஓராண்டு எமக்கு உணர்த்தியது. அவ்வாண்டில் கண்டவற்றையே இன்று உங்கள்முன் வைக்கிறோம்.

திருமணம், காதணி விழா, பட்டமளிப்பு ஆகியவற்றைப் படமெடுப்பது எம் தொழில். அவை பிறர் கேட்க எடுப்பவை. கடந்த ஆண்டு தைப்பூசத்திற்குப்பின், யாரும் கேளாத படங்களையும் எடுக்கத் தொடங்கினோம். சுங்கை பட்டாணி, பீடோங், பாடாங் செராய், கூலிம், மெர்போக் எனக் கெடாவின் ஊர்களிலும் அவற்றைச் சூழ்ந்த தோட்டங்களிலும் ஓய்வு நாள்களில் சுற்றினோம். ஆண்டு முடிவில் அவற்றுள் பன்னிரண்டைத் தேர்ந்தெடுத்தோம். ஒளியும் அழகும் இரண்டாம் இடமே பெற்றன. 'இப்படம் இல்லையெனில் எது இல்லாது போகும்?' என ஒவ்வொன்றையும் பார்த்துக் கேட்டுக்கொண்டோம். அப்பன்னிரண்டனுள் ஐந்தை மட்டும் இங்கே எடுத்துரைப்போம்.

முதற்படம் மாசி மாதத்தில் பீடோங் அருகே ஒரு சிறு தோட்டத்தில் எடுத்தது. ஆண்டின் தொடக்க மாதங்களில் இரப்பர் மரங்கள் இலையுதிர்க்கும். மற்ற நாள்களில் இருண்டு கிடக்கும் நிரைகளில் அப்போது வெயில் இறங்கும். பால் வரத்தும் குறையும். படத்தில் முதியவர் ஒருவரின் கை மட்டுமே உள்ளது. உளி பட்டையின்மேல் சாய்ந்திருக்கிறது. விடியற்காலைக் குளிரில் பால் நன்றாக ஒழுகும், வெயில் ஏறினால் ஒழுக்கு அடங்கும் என்பதை அவர் கைப்பழக்கத்தால் அறிந்தவர். படத்தைக் காட்டி ஒவ்வொன்றின் பெயரையும் கேட்டோம். உளி, நிரை, மங்கு, ஒட்டுப்பால், காலையில் பெயர் கூப்பிடும் பிரட்டு என்று சொல்லிக்கொண்டே போனார். மங்கு என்பது மலாய்மொழியின் 'மங்கோக்' என்னும் சொல்லிலிருந்து வந்தது; பிரட்டு ஆங்கிலத்தின் 'பரேட்' என்பதன் திரிபு. மூன்று மொழிகள் கலந்த நிலத்தில் நம் முன்னோர் வழங்கிய சொற்கள் இவை. அருகில் நின்ற அவருடைய பேரன் மங்கைக் 'கப்' என்றான். கிண்ணத்தின் வடிவத்தைப் படம் காட்டியது. அதன் பெயரைப் படத்தால் காட்ட இயலவில்லை.

இரண்டாவது, ஒரு பழைய படத்தையே படமெடுத்தது. 1948-ஆம் ஆண்டு மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டபோது, பன்னிரண்டு வயது நிரம்பிய யாவரும் நிழற்படமும் பெருவிரல் ரேகையும் கொண்ட அடையாள அட்டை வைத்திருக்க வேண்டும் என்று விதிக்கப்பட்டது. தோட்டத்து மக்கள் பலருக்கு வாழ்நாளின் முதற்படம் அதுவாகவே அமைந்தது. எம் பாட்டியாருக்கும் அவ்வாறே. அரசு ஆளை அடையாளம் காணக் கேட்ட படத்தின் ஒரு படியைப் பின்னாளில் பெரிதாக்கி, வண்ணம் தீட்டி, விளக்கு மாடத்தருகே மாட்டினர். அன்று அவர் உடுத்தியிருந்த சேலை என்ன நிறம் என்று எவரும் அறியார். தீட்டியவர் பச்சையைத் தேர்ந்தார். இன்று எம் குடும்பத்தில் பாட்டி என்றாலே பச்சைச் சேலைதான். சொல்ல ஆளில்லாத இடத்தைக் கற்பனை நிரப்பிவிடும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

மூன்றாவது படமே இவ்வுரைக்கு அடிப்படை. பாடாங் செராய் வட்டாரத்தில் ஒரு வீட்டின் இரும்புப் பெட்டியில், தோட்டத்துரை விடைபெற்றபோது எடுத்த கூட்டுப்படம் ஒன்று இருந்தது. நடுவில் மாலையுடன் துரை, இருபுறமும் கிராணிமார், பின்னால் நாற்பத்து மூன்று தொழிலாளர்கள். அட்டையின் அடியில் துரையின் பெயர் அழகிய எழுத்தில் அச்சிடப்பட்டிருந்தது. மற்றவர்க்குப் பெயர் இல்லை. ஆங்கிலேயர் காலத்துத் தோட்டப் படங்கள் பலவற்றின் கீழும் 'தமிழ்க் கூலிகள்' என்றே எழுதப்பட்டிருப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். அதே வழக்கம்தான் இங்கும்.

அவ்வீட்டுப் பெரியம்மாவுக்கு அகவை எண்பத்தேழு. படத்தில் அவருடைய தாய் இருந்தார். ஞாயிறுதோறும் சென்று அவர் மடியில் படத்தை வைத்தோம். விரலை ஒவ்வொரு முகத்தின்மேலும் ஊன்றி, "இது கோயிலடி லயத்து அக்கா. இவர் பாட்டுக்காரத் தாத்தா; பஜனை இவர் இல்லாமல் நடக்காது. இந்தப் பிள்ளை ஆயாக்கொட்டகையில் என்னோடு வளர்ந்தது," என்று சொல்வார். இயற்பெயர் நினைவுக்கு வராத இடத்தில் ஊர்ப்பெயர் வரும். ஊர்ப்பெயர் வராத இடத்தில் செய்த வேலை வரும். நான்கு ஞாயிறுகளில் பத்தொன்பது பேரை மீட்டோம். ஐந்தாம் வாரம் அவருக்கு உடல்நலம் குன்றியது. ஐப்பசியில் காலமானார். மீதமுள்ள இருபத்து நான்கு முகங்களும் இன்றும் தெளிவாகவே தெரிகின்றன. அவர்கள் யாரென்று சொல்ல வல்லார் எவரையும் இதுவரை நாம் காணவில்லை. எம் பன்னிரண்டு படங்களுள் ஒன்று, அம்முகங்களின்மேல் ஊன்றிய அப்பெரியம்மாவின் விரல்.

நான்காவது படம் மெர்போக்கில், ஜெராய் மலையடிவாரத்தில் எடுத்தது. பூஜாங் பள்ளத்தாக்கின் பழங்கோயில் அடித்தளம் ஒன்றின்மேல் பள்ளி மாணவர்கள் நிற்கின்றனர். பழந்தமிழர் காழகம் என்றும் கடாரம் என்றும் அழைத்த நிலம் இது. 1025-ஆம் ஆண்டளவில் இராசேந்திர சோழனின் கடற்படை வந்த நிலம். இப்பள்ளத்தாக்கில் 1930-களில் அகழாய்வு செய்த குவாரிட்ச் வேல்ஸ், தாம் கண்ட இடங்களுக்கு எண்ணிட்டு, அளந்து, வரைந்து பதிவுசெய்தார். அவற்றுள் பதினொன்றாம் சண்டி, வீடமைப்புக்கு நிலம் திருத்தியபோது இடிக்கப்பட்டது என்னும் செய்தி 2013-ஆம் ஆண்டு இறுதியில் வெளிவந்தது. கட்டடம் போயிற்று. ஆயினும் அது எங்கிருந்தது, எவ்வமைப்பினது என்று இன்றும் கூற முடிகிறது. எழுதி வைத்தவர் ஒருவர் இருந்தார். ஆயிரம் ஆண்டுப் பழமையுள்ள செங்கல்லுக்குக் கிடைத்த அப்பதிவு, எழுபது ஆண்டுகளுக்கு முன் பால்வெட்டிய நம் பாட்டியர்க்குக் கிடைக்கவில்லை.

ஐந்தாவது, ஒரு பெயர்ப்பலகை. ஐரோப்பிய முதலாளிகள் தோட்டங்களை விற்க, அவை துண்டாடப்பட்ட காலத்தில், 1960-ஆம் ஆண்டு துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகச் செலுத்திப் பங்குதாரர் ஆயினர். சங்கம் முதலில் வாங்கிய தோட்டம் கெடாவின் புக்கிட் சீடிம். அவ்வாறு காக்கப்பட்டவை சில, கைமாறியவை பல. இரப்பர் நின்ற இடத்தில் செம்பனை வந்தது, லயங்கள் இடிந்தன, மக்கள் நகரத்து அடுக்ககங்களுக்குப் பெயர்ந்தனர். ஆயினும் தமிழ்ப்பள்ளிகள் பல இன்றும் தோட்டத்தின் பெயரையே தாங்கி நிற்கின்றன. பீடோங் வட்டாரத்தின் ஹார்வர்ட் தோட்டத் தமிழ்ப்பள்ளிகளை நீங்கள் அறிவீர்கள். கள்ளுக்கடையை எதிர்த்து 1947-இல் இவ்வட்டாரத்தில் எழுந்த தொண்டர் படையின் வரலாறும் அத்தோட்டப் பெயரோடு பிணைந்தது. அப்பலகையைத் துடைத்துக்கொண்டிருக்கும் மாணவியே எம் இறுதிப் படம்.

அமெரிக்கக் கலைஞர் ஜேமி லிவிங்ஸ்டன் 1979 மார்ச்சு 31 முதல் 1997 அக்டோபர் 25-இல் மறைந்த நாள்வரை, நாளுக்கொரு போலராய்ட் படம் எடுத்தார். அவை ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவை. நாள் வரிசையில் இருந்ததால் நண்பர்கள் அவற்றைக் கொண்டு ஒரு வாழ்வையே மீட்டனர். வரிசையும் குறிப்பும் இல்லையெனில் அவையும் ஒரு பெட்டி நிறைந்த தாள்களாகவே எஞ்சியிருக்கும்.

உங்கள் கைப்பேசியும் படமெடுத்த நாளையும் நேரத்தையும் தானே பதிந்துகொள்கிறது. எனினும் வாட்ஸ்அப் வழி படம் கைமாறும்போது அக்குறிப்புகள் பெரும்பாலும் நீங்கிவிடுகின்றன. படத்தில் இருப்பவரின் பெயரையோ, அவர் உங்களுக்கு என்ன உறவு என்பதையோ எந்தக் கருவியும் தானாக எழுதித் தராது.

ஆகவே ஆசிரியர்களிடம் ஒன்று வேண்டுகிறோம். கட்டுரைப் பயிற்சிக்கு மாணவர்தம் வீட்டிலுள்ள பழைய படம் ஒன்றைத் தலைப்பாகக் கொடுங்கள். மாணவர்களே, அப்படத்தை வீட்டில் மூத்தவர் மடியில் வையுங்கள். யார், எங்கே, எப்போது, என்ன வேலை என்னும் நான்கையும் கேளுங்கள். அவர் சொல்லும் சொல்லைத் திருத்தாமல் எழுதுங்கள். மங்கு என்றால் மங்கு என்றே எழுதுங்கள். படத்தின் பின்புறத்தில் மென்மையான பென்சிலால், அழுத்தாமல் எழுதுவது நன்று. பேனா முனை முகத்தின்மேல் தழும்பை உண்டாக்கும். கேட்பதை அடுத்த விடுமுறைக்குத் தள்ளிவைக்காதீர்கள்.

நாற்பத்து மூவருள் பத்தொன்பது பெயர்கள் எம்மிடம் உள்ளன. உங்கள் வீட்டுப் பெட்டிகளில் உள்ளோரின் கணக்கை நீங்களே எடுக்க வேண்டும்.