செருகு மூட்டும் வீட்டுக் குழாயும்



தண்ணீர்க் குழாய் நல்ல நேரம் பார்த்து வெடிப்பதில்லை. பெரும்பாலும் குழாய் பொருத்துபவர் வேலை முடித்துச் சென்றபின், இரவிலோ விடுமுறை நாளிலோதான் அது வெடிக்கிறது. தாங்கியின் வல்வைப் பூட்டினால் வெள்ளம் நிற்கும். ஆனால் வீட்டிலே நோயாளியோ கைக்குழந்தையோ இருப்பின் விடியும்வரை தண்ணீரின்றி இருப்பதெங்ஙனம்? அத்தகைய வேளையில் வீட்டார் தாமே கையாளத்தக்க ஒரு சாதனம் செருகு மூட்டு.

முன்னாளில் இரும்புக் குழாயின் நுனியிலே மரை வெட்டி, சணல்நார் சுற்றி இறுக்குவார்கள். செப்புக் குழாயாயின் தீச்சுடர் காட்டிப் பற்றாசு வைப்பார்கள். பீ.வீ.சீ. குழாய்க்குப் பசை பூசுவார்கள். பற்றாசும் பசையும் ஈரத்திலே சரிவரப் பிடியா. உடைந்த குழாயோ ஈரமாகவே இருக்கும். செருகு மூட்டுக்குச் சுடரும் வேண்டா, பசையும் வேண்டா. ஈரக் குழாயையே அதனுள்ளே செலுத்தலாம்.

அதன் உள்ளமைப்பு எளியது. உருக்குப் பற்கள் கொண்ட ஒரு வளையமும், ஓர் இறப்பர் வளையமும் அதனுள் இருக்கின்றன. மீன் பிடிக்கும் பறியின் வாயை நினைத்துக்கொள்க. உட்சாய்ந்த குச்சிகளுக்கிடையே மீன் நுழையும், திரும்பி வரமாட்டாது. இங்கும் அவ்வாறே. நீரழுத்தம் குழாயை வெளியே தள்ளத் தள்ளப் பற்கள் இன்னும் இறுகக் கவ்வும். ஆயினும் கசிவைத் தடுப்பது பற்களல்ல. குழாயின் புறத்தைச் சுற்றி அமுங்கி நிற்கும் இறப்பர் வளையமே. ஆதலின் குழாயின் புறம் உருண்டையாகவும் மழமழப்பாகவும் இருத்தல் வேண்டும். இதை மனத்திற் கொண்டோர்க்கு ஏனைய விதிகள் தாமே விளங்கும்.

வாளால் அவசரமாக அறுத்த நுனியிலே பிசிர் நிற்கும். அப்பிசிர் உள்ளே செல்லும்போது இறப்பரைக் கீறிவிடும். கீறல் கண்ணுக்குத் தெரியாது. கசிவு மாத்திரம் பின்னர் தெரியும். எனவே நேராக வெட்டி, நுனியை அரத்தாலோ மணற்கடதாசியாலோ தேய்த்து, துணியால் துடைத்தல் வேண்டும். எவ்வளவு ஆழம் செருக வேண்டும் என்பதை மூட்டுடன் வரும் குறிப்பிலே பார்த்து, குழாயின்மேல் பென்சிலாற் கோடிட வேண்டும். கோடு மூட்டின் வாயைத் தொடும்வரை அழுத்துக. பலர் இக்கோட்டை வீண்வேலை என்று விட்டுவிடுவர். பாதி செருகிய குழாயும் பார்வைக்கு முழுதும் செருகியது போலவே தோன்றும் என்பதை அவர்கள் எண்ணுவதில்லை. எளிதாக நுழையட்டும் என்று எண்ணெயோ கிறீசோ தடவுவதும் தவறு. அவற்றால் இறப்பர் உப்பிக் கெடக்கூடும். சிறிது நீரே போதும்.

அளவைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை வேண்டும். அரை அங்குலம் என்பது குழாயின் பெயரேயன்றி அதன் புற அளவன்று. அரை அங்குல இரும்புக் குழாயின் புற விட்டம் 21.3 மில்லிமீற்றர்; அமெரிக்கச் செப்புக் குழாயின் புற விட்டம் 15.9. பிரித்தானியாவிலே வழங்குவது 15 மில்லிமீற்றர்ச் செப்புக் குழாய். இலங்கை வீடுகளிற் பெரிதும் உள்ள பீ.வீ.சீ. குழாயின் அளவு இன்னும் வேறு. செருகு மூட்டுகளிற் பல செப்புக் குழாயின் அளவுக்கே அமைந்தவை. ஆகவே வெட்டிய துண்டொன்றைக் கையோடு கடைக்குக் கொண்டுசெல்வதே புத்தி. மரை வெட்டிய பழைய இரும்புக் குழாயிலும் துருப்பிடித்த குழாயிலும் இதை முயலவே கூடாது.

இந்நாட்டு வீடுகளில் இம்மூட்டைக் கண்ணாற் காண வேண்டுமாயின், குடிநீர் வடிகட்டும் பொறியைப் பார்த்தல் வேண்டும். அதிலே ஓடும் கால் அங்குல வெண்குழாய்கள் பெரும்பாலும் இம்முறையிலேயே பொருத்தப்பட்டவை. கழற்றும்போது முதலில் நீரை அடைத்து அழுத்தத்தைப் போக்கி, மூட்டின் வாயிலுள்ள சிறு வளையத்தை உள்ளே அழுத்திக்கொண்டு குழாயை இழுக்க வேண்டும். வளையத்தை அழுத்தாமல் இழுப்போர் குழாயின் புறத்தைக் கீறிவிடுவர். கீறிய நுனியை வெட்டியெறிந்த பின்னரே மீளச் செருக வேண்டும்.

சுவருக்குள் மறைந்த குழாயாயின் வீட்டார் கைவைக்காது தேர்ந்த தொழிலாளியை அழைப்பதே தகும். வினாடிக்கு ஒரு துளி கசிந்தாலும் நாளொன்றுக்கு 86,400 துளிகள். சுவர் ஊறிப் பூச்சு உதிரும்வரை அது ஒருவருக்கும் தெரியாது.

வேலை முடிந்ததும் வல்வை மெல்லத் திறக்க வேண்டும். மூட்டைத் துடைத்து, உலர்ந்த கடதாசித் துண்டொன்றை அதன்மேற் சுற்றி வைக்க. அரை மணிக்குப் பின் ஒருமுறையும், மறுநாட் காலை ஒருமுறையும் அக்கடதாசியைத் தொட்டுப் பார்க்க வேண்டும்.