போட்டோ காட்டுறவரா, கேள்வி கேக்கறவரா? வீட்டுத் தோட்டத்துக்கு ஆள் பிடிப்பது எப்படி

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிப்பதற்காகச் சுருக்கப்பட்டது, பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே இருக்கிறது.)

இன்னைக்கு டாபிக் கொஞ்சம் மண்ணு சம்பந்தப்பட்டது. தாம்பரம், மேடவாக்கம், ஆவடி பக்கம் தனி வீடு கட்டினவங்க நிறைய பேர் கேக்கற கேள்வி: "வீட்டைச் சுத்தி 1,000 சதுர அடி சும்மா கிடக்கு. தோட்டம் போட நல்ல ஆளை எப்படிப் பிடிக்கறது?"

பதிலை முதல்லயே சொல்லிடறேன். வர்றவர் என்ன போட்டோ காட்டுறார்னு பார்க்காதீங்க. என்ன கேள்வி கேக்கறார்னு பாருங்க. நம்ம ஆபீஸ்லயும் அதேதானே? தேவை என்னன்னே கேக்காம கோடு எழுத உட்கார்றவரை நம்புவோமா?

ஆள் எங்க கிடைப்பாங்க?

இன்ஸ்டாகிராம்ல தேடினா நிறைய பேர் வருவாங்க. ஆனா அந்தப் படமெல்லாம் பெரும்பாலும் வேலை முடிஞ்ச அன்னைக்கு எடுத்தது. அன்னைக்கு எல்லாத் தோட்டமும் அழகாத்தான் இருக்கும். நமக்கு வேண்டியது ரெண்டு மழைக்காலமும் ரெண்டு கோடையும் தாண்டி நிக்கற தோட்டம்.

அதனால ஞாயித்துக்கிழமை காலைல உங்க ஏரியாவுல நாலு தெரு நடங்க. நல்ல தோட்டம் கண்ணுல பட்டா, அந்த வீட்டுக்காரங்ககிட்டயே கேளுங்க. யார் போட்டாங்க, எப்போ போட்டாங்க, இப்பவும் அவரேதான் வர்றாரா? மூணாவது கேள்விதான் முக்கியம். பக்கத்து நர்சரியில விசாரிச்சாலும் ஆள் சொல்வாங்க.

உள்ளூர் ஆளா இருக்கறதுல இன்னொரு லாபம் இருக்கு. சென்னையில மண் ஏரியாவுக்கு ஏரியா மாறும். திருவான்மியூர், பெசன்ட் நகர் பக்கம் மணல். அண்ணா நகர், மாம்பலம் பக்கம் களிமண். வேளச்சேரி, ஆதம்பாக்கம் பக்கம் தோண்டினா பாறை. மணல்ல தண்ணி நிக்காது, களிமண்ல தண்ணி இறங்காது. அதே தெருவுல பத்து வருஷமா மண்வெட்டி பிடிச்சவருக்கு இதை நாம சொல்ல வேண்டியதில்லை.

நாலு கேள்வி

சேலையூர்ல என் ஃப்ரெண்ட் வீட்டுக்கு ரெண்டு பேர் வந்தாங்க. முதல்ல வந்தவர் நின்ன இடத்துலயே போனை நீட்டினார். கொரியன் கிராஸ், நடுவுல கல் பாதை, சதுர அடிக்கு இவ்வளவு. பத்து நிமிஷத்துல கிளம்பிட்டார்.

ரெண்டாவது வந்தவருக்கு ஐம்பது வயசுக்கு மேல இருக்கும். அவர் கேட்டது இதுதான்: "மழை பேஞ்சா தண்ணி எந்தப் பக்கம் போகும் தம்பி?" "செப்டிக் டேங்க் எங்க, சம்ப் எங்க?" "வெயில் எத்தனை மணி வரைக்கும் விழும்?" கடைசியா, "தினம் யாரு தண்ணி ஊத்துவாங்க?"

அம்மாதான் ஊத்துவாங்க, அவங்களுக்கு முட்டி வலினு ஃப்ரெண்ட் சொன்னான். "அப்போ புல் வேணாம் தம்பி"னு சொல்லிட்டு, ஒரு ஓரமா மல்லி, கறிவேப்பிலை, முருங்கைனு பேச ஆரம்பிச்சார். வேலை அவருக்குத்தான் போச்சு.

ஒவ்வொரு கேள்விக்கும் பின்னாடி விஷயம் இருக்கு. தண்ணியை எடுத்துக்கோங்க. ஒரு சதுர மீட்டர்ல 1 மில்லிமீட்டர் மழைன்னா 1 லிட்டர். 1,000 சதுர அடிங்கறது சுமார் 93 சதுர மீட்டர். ஒரே நாள்ல 10 செ.மீ. பேஞ்சா 9,300 லிட்டர், அதாவது கிட்டத்தட்ட ஒரு தண்ணி லாரி. 2015 டிசம்பர்ல தாம்பரத்துல ஒரே நாள்ல 49 செ.மீ. பேஞ்சது. நாலே வருஷத்துல, 2019 கோடையில, இதே ஊர்ல லாரிக்காகக் குடத்தோட நின்னோம். 2003-லேயே மழைநீர் சேகரிப்பைக் கட்டாயம் ஆக்கின மாநிலம் நம்மது. அந்தத் தண்ணி உங்க மண்ணுல இறங்குமா, வீட்டுக்குள்ள வருமா, தெருவுக்கு ஓடுமாங்கறதைத் தோட்டம் போடறவர்தான் பாதி தீர்மானிக்கிறார். முழுசும் பேவர் பிளாக் போடலாம்னு சொல்றவரையும், செம்மண் கொட்டித் தரையை வாசப்படி உயரத்துக்கு ஏத்தறவரையும் அங்கேயே நிறுத்துங்க.

அடுத்தது மண். புது வீட்டுல ஒரு அடி தோண்டினா பெரும்பாலும் செங்கல் துண்டும் சிமென்ட் கட்டியும்தான் வரும். அது மேல நாலு இன்ச் செம்மண் போட்டு மூடினா மூணு மாசம் பச்சையா இருக்கும், அப்புறம் இட்லிப்பூச் செடி இலையெல்லாம் மஞ்சளாகும். வந்தவரை ரெண்டு இடத்துல தோண்டிப் பார்க்கச் சொல்லுங்க. குழியில தண்ணி ஊத்தி, எவ்வளவு நேரத்துல இறங்குதுன்னும் பாருங்க. செலவே இல்லாத டெஸ்ட்.

மூணாவது செடி. சீக்கிரம் மறைப்பு வேணும்னு காம்பவுண்ட் ஓரமா கோனோகார்பஸ் வைக்கச் சொன்னா வேணாம்னு சொல்லிடுங்க. வேர் சாக்கடைக் குழாயையும் கேபிளையும் தேடிப் போகுதுங்கற புகாரெல்லாம் வந்து, குஜராத் அரசு 2023-ல அதைத் தடையே பண்ணிடுச்சு.

பணம், மரியாதை

கொட்டேஷனை மொத்தத் தொகையா வாங்காதீங்க. மண், உரம், செடி, கூலி, கழிவு அள்ளுறதுன்னு தனித்தனியா எழுதி வாங்குங்க. செடிப் பேரும் உயரமும் அதுல இருக்கணும். பணத்தை மூணு தவணையாப் பிரிச்சு, கடைசித் தவணையை ஒரு மழைக்காலம் முடிஞ்சதும் கொடுக்கறதாப் பேசிக்கோங்க. செத்த செடியை மாத்தித் தர்றது யார் பொறுப்புன்னும் முதல்லயே பேசிடுங்க. வேலையை ஆகஸ்ட், செப்டம்பர்ல முடிச்சா அக்டோபர் மழை செடியைப் பிடிச்சு நிறுத்திடும்.

இது நம்ம பக்கம். அவங்க பக்கமும் ஒண்ணு இருக்கு. மூணு பேரை வரவழைச்சு, ஐடியா எல்லாம் கேட்டுட்டு, கடைசியில குறைஞ்ச கூலிக்கு வேற ஆளை வச்சு அதையே செய்ய வைக்கறது நம்ம ஊர்ல சகஜம். ஒருத்தர் ஒரு மணி நேரம் நின்னு மண்ணைத் தொட்டுப் பார்த்தா, அது கன்சல்டிங். வேலை கொடுக்கலைன்னாலும் அந்த நேரத்துக்கும் போக்குவரத்துக்கும் காசு கொடுங்க. மாசப் பராமரிப்புக்கு வர்றவர்கிட்ட கூலி பேரம் பேசி 200 ரூபாய் மிச்சம் பிடிச்சா, அவர் அடுத்த மாசம் வர மாட்டார். மாசா மாசம் ஆள் மாறுற தோட்டம் ரெண்டாவது கோடையைத் தாண்டறது கஷ்டம்.

அவ்வளவுதான் மக்களே. உங்க வீட்டுக்கு வந்தவர் கேட்ட முதல் கேள்வி என்னன்னு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.