இசைத்தட்டும் துண்டுச் சீட்டும்



சிங்கப்பூரில் லிட்டில் இந்தியா என்று வழங்கும் சிராங்கூன் சாலைப் பகுதிக்கு அருகே, சுங்கை ரோட்டில் ஒரு சந்தை இருந்தது. 1930களில் தோன்றியது, திருடர் சந்தை என்பது அதன் பட்டப்பெயர். பழைய கடிகாரம், நாணயம், இசைத்தட்டு எனப் பிறர் கழித்த பொருள்களைத் தரையில் பரப்பி விற்பார்கள். 2017 ஜூலை 10ஆம் தேதியோடு அது மூடப்பட்டது. பழம்பொருள் சேர்ப்பவர்களுக்கு அது பெரிய இழப்பு.

அப்படிச் சேர்ப்பவர்களில் சிலர் தேடுவது அமெரிக்க நாட்டுப்புற இசைத்தட்டுகளை. கண்ட்ரி மியூசிக் என்பார்கள். சிங்கப்பூரிலேயே மேத்யூ டான் என்பவர் குழு அமைத்து இவ்வகைப் பாட்டுகளைப் பாடிப் புகழ் பெற்றார். இதைத் துரைமார் சங்கீதம் என்று ஒதுக்க வேண்டியதில்லை. மலைக்கிராமத்தாரும் ஆலைத் தொழிலாளரும் பாடிய பாட்டு இது. 1927இல் பிரிஸ்டல் என்ற ஊரில் ஒலிப்பதிவு நடந்தபோது பாடியவர்களில் ஒருவர் ஜிம்மி ரோஜர்ஸ். ரயில்வேயில் வேலை பார்த்து, காசநோயால் அதை விட்டவர்.

அந்தக் காலத்துத் தட்டுகள் அரக்கு கலந்து செய்தவை. அரக்கு பெரும்பாலும் இந்தியாவிலிருந்தே போயிற்று. இரண்டாம் உலகப் போரில் அரக்குக்குத் தட்டுப்பாடு வரவே, பழைய தட்டுகளைத் திரட்டி அரைத்துவிட்டார்கள். எத்தனை ஏழைகளின் குரல் அந்த அரைவையில் போயிற்றோ! எஞ்சியவற்றை ஜோ புசார்ட் போன்றவர்கள் கிராமம் கிராமமாகச் சென்று, கதவைத் தட்டிக் கேட்டு வாங்கிக் காத்தார்கள். அவர் 2022இல் காலமானார்.

தமிழ்த் தாளுக்கும் இதே கதைதான். 1887இல் சிங்கப்பூரில் 'சிங்கை நேசன்' என்ற தமிழ் வார இதழ் தொடங்கியது. சில ஆண்டுகளே நடந்தது. அதன் பிரதிகளெல்லாம் கடலை மடிக்கப் போயிருந்தால் இன்று நமக்கு என்ன மிஞ்சியிருக்கும்? 2015இல் கேம்பல் லேனில் திறந்த இந்திய மரபுடைமை நிலையத்தில், நுண்ணிய செதுக்கு வேலை நிறைந்த செட்டிநாட்டுக் கதவுநிலை ஒன்று இருக்கிறது. பார்ப்போர் வியந்து நிற்கிறார்கள். லயத்தில் பிறந்தவர்களுக்கு ஏது அத்தகைய கதவு? நம்மிடம் இருப்பது தாள்தான்.

இலங்கைத் தோட்டங்களில் முன்பு 'துண்டு' என்றொரு சீட்டு உண்டு. இன்ன தொகை கடனை அடைத்தால் இந்த ஆளை விடுவிப்போம் என்று துரை எழுதித் தருவது. அது இல்லாமல் வேறு தோட்டத்தில் வேலை கிடைப்பது அரிது. 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. பாட்டனைக் கட்டிப்போட்ட அதே காகிதம், பேரன் கையில் சாட்சியாகிறது. சம்பளச் சீட்டு, கப்பல் சீட்டு, பிரஜாவுரிமை விண்ணப்பம், எல்லாமே அப்படித்தான்.

ஆகவே, போகிக்கு எரிக்குமுன் தகரப்பெட்டியை ஒருமுறை பாருங்கள். கிழிந்த தாளில் பசைநாடா ஒட்டாதீர்கள். அது மஞ்சளித்துத் தாளையே கெடுத்துவிடும். இசைத்தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் நிமிர்த்தி வையுங்கள். அரக்குத் தட்டை ஸ்பிரிட்டால் துடைத்தால் அரக்கு கரைந்துபோகும். புகைப்படமானால், அதில் நிற்பவர்கள் யார், எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்று வேறொரு தாளில் எழுதிக்கூட வையுங்கள். பாட்டி இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். அந்தப் பெயர்கள் அவருக்குத்தான் தெரியும்.