பதிவேட்டில் நம் பிள்ளைகள் எங்கே?

(புதுவை சாரம் கூட்டத்தில் ஆற்றிய உரையிலிருந்து)



இரத்தம் தேவை என்றால் நள்ளிரவிலும் ஜிப்மருக்கு ஓடுகிறவர்கள் நீங்கள். ஆனால் ஸ்டெம் செல் மாற்ற வேண்டிய இரத்தப் புற்றுநோயாளிக்கும் தலசீமியாக் குழந்தைக்கும் இரத்த குரூப் சேர்ந்தால் போதாது, ஹெச்.எல்.ஏ. எனும் திசு அடையாளம் பொருந்த வேண்டும். உடன்பிறந்தவரிடமே நாலில் ஒரு வாய்ப்புதான். வெளியே தேடினால், பெரும்பாலும் ஒரே வமிசாவளியினரிடம்தான் கிடைக்கும். அதற்காகத்தான் 2009இல் சென்னையில் 'தாத்ரி' பதிவேடு தொடங்கப்பட்டது. நாம் பதியாவிட்டால், நம் பிள்ளைக்காகத் தேடும் நாளில் அதில் யார் இருப்பார்?

அரசாங்கத்திடம் கேட்க வேண்டியதைக் கேட்போம். கன்னத்தின் உட்புறம் பஞ்சுக் குச்சியால் தடவிக் கொடுக்க எவருடைய சலுகையும் வேண்டாம். எலும்பை அறுப்பார்களாம் என்கிறது கடைத்தெரு! பெரும்பாலும் கை நரம்பு வழியாகவே எடுக்கிறார்கள்.

பெயர் கொடுத்தவர்கள் கடைசி நாளில் பின்வாங்காதீர்கள். அதற்குள் நோயாளியின் மஜ்ஜையை மருந்து கொடுத்து அழித்திருப்பார்கள்.